வாலில்லாத தேள்

இங்கிலாந்துக்கு வந்த மூன்றாம் நாள் காலை, நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி ஒரு கையில் தேநீர்க் கோப்பையும் மறு கையில் பத்திரிகையுமாக வந்து, என் நட்சத்திரம் என்ன என்று கேட்டாள். நான் திகைத்துப் போனேன். இந்தச் சனத்துக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று கப்பலில் வந்த நாளெல்லாம் பயந்துகொண்டு வந்தவள் நான். இங்கேயும் நட்சத்திரம் கேட்கிறார்களே என்று எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. "உத்திராடம்" என்றேன் பெருமையாக. அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆடமா? அது உன் கணவருடைய பெயரா?" என்றாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். எங்களுடைய தலையாட்டலை இந்த ஊரில் யாரும் சரியாகப் படித்ததில்லை. அவள் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டை விட்டுப் போகும்வரை என் கணவர் அவளுக்கு மிஸ்டர் ஆடம் ஆகவே இருந்தார். அவர் எத்தனையோ தரம் திருத்திப் பார்த்துவிட்டு, பிறகு ஆடமாகவே பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அவள் கேட்டது பத்திரிகையில் வரும் பலனுக்காக என்பது பிறகுதான் விளங்கியது. அதற்குப் பிறந்த திகதி போதும். இங்கே எதற்கும் திகதிதான். ஆஸ்பத்திரியில் திகதி, வேலைக்குப் போனால் திகதி, நூலகத்தில் ஒரு புத்தகம் எடுக்கவும் திகதி. எங்கள் ஊரில் திகதியை யார் கேட்டார்கள்? கோயிலில் ஐயர் கேட்பது நட்சத்திரம், கலியாணம் பேச வருகிறவர் கேட்பதும் நட்சத்திரம். வானத்தில் மின்னுகிறதை நாங்கள் வெள்ளி என்போம். நட்சத்திரம் என்றால் அது ஆளுக்கு ஆள் சொந்தமான ஒன்று. அதை வானத்தில் தேட வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்ததெல்லாம் அதற்குள் இருந்துதான் நடந்தது.

லீட்ஸ் நகரத்தில் வானம் என்று ஒன்று இருப்பதை நம்பிக்கையில்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். மேலே புகை, அதற்கு மேலே முகில். கிளிநொச்சியில் ஆசிரியையாக இருந்த நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துப் பரிமாறுகிறேன். ஒருநாள் காலை பத்து மணிக்கு, பாத்திரம் எடுக்கச் சாப்பாட்டு மண்டபத்துக்குள் போனால் ஒரே இருட்டு. யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு மேசை, அதன் மேல் தேங்காயளவில் ஒரு கறுப்பு உருண்டை, உருண்டை முழுக்க ஊசித் துளைகள், உள்ளே ஒரு சின்ன மின்குமிழ். கூரை முழுக்க வெள்ளி பூத்திருந்தது. ஆசிரியை உருண்டையை மெல்லத் திருப்ப, ஒரு முழு இரவு ஒரு நிமிடத்தில் கிழக்கிலிருந்து மேற்கே போனது. அதற்குள்ளே ஆறாமீனை, ஆறு வெள்ளியும் கூடி நிற்கிற கார்த்திகையைக் கண்டேன். எத்தனை வருடத்துக்குப் பிறகு! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்று அழுதேன். பிள்ளைகள் நான் வெங்காயம் உரித்துவிட்டு வந்ததாக நினைத்திருப்பார்கள்.

அடுத்த சனிக்கிழமையே விளையாட்டுச் சாமான் கடையில் அப்படியொன்றை வாங்கினேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போவதற்கு அப்போது ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. நான் இங்கே வந்த முதல் வருடமே அப்பா தவறியபோது என்னால் போக முடியவில்லை. கணவருக்கு விடுப்பு இல்லாததால் நான் மட்டும். உருண்டையைக் கண்டதும் அவர், "வன்னிக்கு வெள்ளி கொண்டு போறீரோ? உப்பு விளையிற ஆனையிறவுக்கு உப்பும் ஒரு மூட்டை கட்டுமன்" என்று சிரித்தார். அவர் கொடிகாமத்துக்காரர்; எங்கள் கிளிநொச்சி கிடக்கிற வன்னியின் சீர் அவருக்குத் தெரியாது. இரணைமடுக் குளத்தை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள் நாங்கள். பொழுது பட்டால் யானை இறங்கும். பிள்ளைகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினால் விடியத்தான் திறப்பது. அத்தனை வெள்ளிக்குக் கீழே இருந்துகொண்டு, அதை நின்று பார்க்க முடியாத பிள்ளைகள் அவர்கள். பற்றரியில் எரிகிற உருண்டை அவர்களுக்கு உதவும் என்று நான் நினைத்ததில் பிழையில்லை.

போகிற வழியில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வவுனியாவில் இறங்கிப் பூவரசங்குளத்துக்குப் போய், கொஞ்ச நாள் என்னோடு வைத்திருக்கப் பவளத்தைக் கூட்டிக்கொண்டேன். பவளம் என் கணவருடைய தமையனின் மகள். ஒன்பது வயது. தகப்பனுக்குக் கொழும்பில் உத்தியோகம், தாய் கொடிகாமத்தில் என் மாமியாரோடு. இந்தப் பிள்ளை மட்டும் தாய்மாமன் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தாள். காரணத்தைச் சொல்ல இப்போதும் வாய் கூசுகிறது. அவள் பிறந்து பன்னிரண்டாம் நாள் என் மாமனார் டைபாயிட் என்கிற நெருப்புக் காய்ச்சலில் இறந்துபோனார். பிறந்ததும் பாட்டனைத் தின்றவள் என்று சொல்லி, வீட்டுக்குள் எடுக்கவே கூடாதென்று மாமி ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

நான் அப்போது அந்த வீட்டில் மருமகளாக வந்து பதினொரு மாதம். முதலில் என் மேல்தான் எல்லோருடைய கண்ணும் விழுந்தது. செத்த வீட்டுச் சனம் கலையுமுன்னே என் சாதகக் குறிப்பை எடுத்து விரித்தார்கள். சாத்திரியார் பார்த்துவிட்டு நிமிர்ந்ததும், மாமி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார், "இவள் உத்திராடம். இவளிலை ஒரு பிழையுமில்லை." பிறகுதான் பார்வை பூவரசங்குளத்துத் தொட்டில் பக்கம் திரும்பியது. நான் படித்தவள், இதையெல்லாம் நம்பாதவள். மழை வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கியதையும் மாமா அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்ததையும் என் கண்ணால் கண்டவள். ஆனாலும் அந்தத் தீர்ப்பை மனதுக்குள் சிரித்தபடி ஏற்றுக்கொண்டேன். தப்பினேன் என்றிருந்தது. இங்கிலாந்தில் இருந்து என் கணவர் தாய்க்கு எத்தனையோ கடிதம் எழுதினார். கிணற்றைப் பற்றி, கிருமியைப் பற்றி, படம் வரைந்துகூட. மாமி எல்லாவற்றுக்கும் பதில் போட்டார், அந்த ஒரு விஷயத்தை விட்டுவிட்டு.

கிளிநொச்சியில் அம்மா பவளத்தைக் கண்டதும் ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு அந்தப் பிள்ளையைத் தாங்கத் தொடங்கினார் பாருங்கள், எனக்கே பொறாமை வந்தது. குளத்து மீனில் நடுத்துண்டு அவளுக்கு. தயிரில் ஆடை அவளுக்கு. அவள் நிமிர்ந்து பார்த்தால் மட்டும் அம்மா வேறெங்கேயோ பார்ப்பார். வயது போனால் மனம் இளகும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டு நெல்லறைக்கு யன்னல் கிடையாது. மூட்டைகளை ஒருபக்கம் அடுக்கிவிட்டு, கதவிடுக்குக்குச் சாக்கு அடைத்தால் நல்ல இருட்டு. பதினொரு மணி வெயிலில், குடியேற்றத்துப் பிள்ளைகள் இருபது பேரும் தாய்மார் நாலைந்து பேரும் உள்ளே நெருங்கி இருந்தார்கள். பட்டப்பகலில் கூரை ஓலையில் வெள்ளி வந்ததும் சத்தமே இல்லை. சின்னது ஒன்று மட்டும், இதை அணைக்காவிட்டால் யானை வருமே என்று அழத் தொடங்கியது. நான் ஆசிரியைக் குரலை எடுத்து, இதற்கு நட்சத்திர மண்டலம் என்று பெயர் என்று தொடங்கினேன். அதுதான் நான் விட்ட பிழை. நட்சத்திரம் என்ற சொல் வாயால் வந்ததும் இருட்டுக்குள் இருபது பிள்ளைகளும் என்ரை நட்சத்திரத்தைக் காட்டுங்கோ, என்ரையைக் காட்டுங்கோ என்று எழும்பிவிட்டார்கள். பூமி சுற்றுவதைப் பற்றிச் சொல்ல வந்தவள், கோயில் வாசலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறவள் மாதிரி ஆகிப்போனேன். கார்த்திகையா, இதோ இந்த ஆறும். ரோகிணியா, அந்தப் பெரிய புள்ளி. மகத்துக்குச் சொந்தக்காரன் மேலே பார்த்துக் கும்பிட்டான். ஒரு தாய் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்தார்.

பவளம் கடைசியாகக் கேட்டாள். அவள் கேட்டை. உருண்டையைத் திருப்பி, அடிப்பக்கத்தில் தேள் கிடந்த இடத்தைக் கொண்டுவந்து, நடுவில் பெரிதாக நின்ற ஒரு புள்ளியைக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சின்னம்மா, தேளுக்கு வாலில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். உருண்டையைத் தாங்கியில் பூட்டுகிற வளையம் அந்த இடத்தோடு தொடங்கியது. அதற்குக் கீழே துளையே போடவில்லை. அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கென்று செய்த சாமான், அந்த நாட்டில் உதிக்காததை ஏன் துளைக்கப் போகிறார்கள்? தேளின் வால்தான் மூலம் என்றும், நான் இருக்கிற ஊரில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை என்றும் சொல்லிவிட்டு, மூலத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் அங்கே கப்பலேறலாம் என்று ஒரு பகிடியும் விட்டேன்.

கதவோரம் நின்ற அம்மா இருட்டுக்குள் இருந்து கேட்டார்.

"மெய்யே பிள்ளை? மூலம் அங்கை உதிக்கிறதே இல்லையோ?"

"இல்லையம்மா. கீழாலையே போயிடும்."

"அப்ப அது உன்னைக் காணாது."

அம்மாவின் குரலில் அப்படியொரு ஆறுதலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என்னை ஏன் அது காண வேண்டும், நான் உத்திராடம் அல்லவா என்று கேட்டேன். சாக்கு விலகி ஒரு கீற்று வெயில் உள்ளே வந்தது. அம்மா வெளியே போய்விட்டார்.

பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் குசினிக்குள் போனேன். அம்மா அடுப்புக்கு முன்னால் முகத்தைக் காட்டாமல் இருந்து சொல்லத் தொடங்கினார். நான் பிறந்தது மூலத்தில். மூலம் முடிய இன்னும் இரண்டு நாழிகை இருந்ததாம். மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது. அது முடிந்து வருகிற பூராடம் கட்டினவனுக்கே ஆகாது என்பார்கள். அப்பா அந்த நாளில் வேலைக்காக வவுனியாவில் இருந்தார். அறைக்குள் அம்மாவும் மருத்துவிச்சியும் மட்டும். இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மூலமும் போகட்டும், பூராடமும் போகட்டும். அதுவரை பிள்ளை பிறக்கவில்லை.

"பெத்தாப் பிறகும் ஒரு நாள் முழுக்க முனகிக்கொண்டு கிடந்தனான் பிள்ளை. வெளியிலை நிக்கிற சனம் நம்பவேணுமே. நீ அழுதால் கேக்குமெண்டு வாயிலை இருந்து முலையை எடுக்கேல்லை."

மறுநாள் உத்திராடம் பிறந்த பிறகுதான் மருத்துவிச்சி கதவைத் திறந்து பெண்பிள்ளை என்று சொன்னாளாம். வெளியே மணிக்கூட்டைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அப்பாவுக்குக்கூட அம்மா சொல்லவில்லை. மருத்துவிச்சி செத்து எத்தனையோ காலம். என் கடவுச்சீட்டில் உள்ள திகதி, இங்கிலாந்தில் நான் கையெழுத்து வைத்த ஒவ்வொரு தாளிலும் உள்ள திகதி, எல்லாமே ஒரு நாள் பிந்தியது. ஒரு பகலும் ஓர் இரவும் நான் பிறக்காதவளாக இந்த உலகத்தில் இருந்திருக்கிறேன்.

"நீ கப்பலேறேக்கை நான் அழேல்லையெண்டு கோவிச்சனி. அந்த வீட்டிலை இன்னுமொரு சாவு விழமுன்னம் நீ தூரத்துக்குப் போனால் காணுமெண்டிருந்தது எனக்கு. அந்தப் பிள்ளையைத் தள்ளிவைச்சாங்கள் எண்டு கேட்ட நாளிலை இருந்து என்ரை தொண்டைக்குள்ளாலை சோறு நேரே இறங்கினதில்லை."

அப்போதுதான் நடுத்துண்டு மீன் எனக்கு விளங்கியது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மாமா செத்தது கிணற்றுத் தண்ணீரால், மூலத்தாலும் இல்லை, பவளத்தாலும் இல்லை என்று கத்தினேன். அம்மா தலையை ஆட்டினார். அது ஆமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. வீட்டை விட்டு இறங்கி வாய்க்கால் வரம்பால் நடந்தேன். நடந்தபடியே கலியாணம் நடந்த மாதத்தையும் மாமா விழுந்த மாதத்தையும் விரலில் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபது பிள்ளைகளுக்கு வானசாத்திரம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்த நான்! அம்மாவின் பொய்யைவிட என்னுடைய அந்த விரல்கள்தான் என்னை அதிர வைத்தன. பொழுது பட்டு, தெற்கே மரங்களுக்கு மேலே தேள் முழுதாக எழும்பி நின்றது, வாலோடு. பிறந்து இத்தனை வருடத்தில் என் நட்சத்திரத்தை நான் முதல்தடவை பார்த்தேன். என் தம்பி லாம்பும் கையுமாக வந்து, யானை வருகிற நேரத்தில் வரம்பில் நிற்கிறதுக்கு என்ன விசரா என்று ஏசிக் கூட்டிக்கொண்டு போனான்.

இரண்டு நாள் யோசித்தேன். கிருமியையும் கிணற்றையும் சொல்லி ஒன்பது வருடமாக ஒரு கதவும் திறக்கவில்லை. மாமிக்கு விளங்குகிற பாஷை ஒன்றுதான், அதில் ஒரு வசனம் என் கையில் இருந்தது. மூலம் ஆளைக் கொல்லும் என்பது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் அதுதான் உண்மை. பழியைச் சுமக்கப் பவளத்துக்குப் பதிலாக அங்கே ஒரு பெயர் வேண்டும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்ரை வாழ்க்கையை யோசி, அவன் உன்னை விட்டால் என்ன செய்வாய் என்று கெஞ்சினார். அவர் இதையெல்லாம் நம்பாதவர் அம்மா என்று சொன்னேன்.

மூன்றாம் நாள் காலைக் கோச்சியில், யாழ்ப்பாண ரயிலில், நானும் பவளமும். ஆனையிறவில் உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் குத்தின. பவளம் அதற்கு முன் அந்தப் பாதையைக் கடந்ததே இல்லை. யன்னலோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். கொடிகாமத்து வீட்டில் முற்றத்துப் படலைக் கதவுக்கு வெளியே அவளாகவே நின்றுவிட்டாள். அப்படி நிற்க வேண்டுமென்று அவளுக்கு யாரோ எப்போதோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மாமி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு முகம் மலர்ந்து எழும்பப் போனவரை இருக்கச் சொல்லிவிட்டு, நின்றபடியே சொன்னேன். நான் உத்திராடம் இல்லை, மூலம். அம்மா மறைத்தது, எனக்கும் இப்போதுதான் தெரியும். பிள்ளையில் ஒரு பிழையுமில்லை. அவ்வளவுதான். மாமி துருவலையில் இருந்து கையை எடுக்கவில்லை. அறை வாசலில் பவளத்தின் தாய் வந்து நின்றதை நான் காணவில்லை. மூச்சு இழுக்கிற சத்தம்தான் கேட்டது.

"உதைக் கொம்மாவே சொன்னவா?"

"ஓம் மாமி, அம்மாதான் சொன்னவா."

மாமி எழும்பினார். கையில் தேங்காய்ப்பூ ஒட்டியபடி முற்றத்தைக் கடந்து படலைக்குப் போனார். அங்கே நின்ற பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு அந்தக் கையாலேயே அவளைப் பிடித்து, எனக்குப் பக்கத்தாலேயே வீட்டுக்குள் கொண்டுபோனார். உள்ளே பிள்ளைக்குச் சோறு போடக் கோப்பை கழுவுகிற சத்தமும், தாயும் மகளும் ஒருமித்து அழுகிற சத்தமும் கேட்டன. எனக்குத் தேத்தண்ணி விறாந்தைக்கு வந்தது. கொண்டுவந்த மாமி அதை என் கையில் தராமல் கதிரையில் வைத்தார். ஒன்பது வருடம் கழித்து வந்த மருமகள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பின்னேரக் கோச்சிக்கு நேரமிருக்கு."

நான் எதிர்பார்த்துத்தான் போனேன். ஆனாலும் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்க முடியவில்லை. உருண்டையை என் பழைய பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டு, அந்த மாதமே கப்பலேறினேன். இந்தத் தடவை அம்மா அழுதார்.

லீட்ஸுக்கு வந்த அன்றே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படலையில் நின்ற பிள்ளையை உள்ளே எடுத்தார்கள் என்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல வேலை செய்தீர் என்றார். பிறகு சாப்பிட்டோம். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பும்போது, பத்திரிகைக்குப் பின்னால் இருந்து மெல்லக் கேட்டார், "எத்தனை மணிக்குப் பிறந்தனீர்?" கேட்ட உடனேயே அவருக்கு வெட்கமாகிப் போய்விட்டது. நானும் கேட்காதது மாதிரி இருந்துவிட்டேன். இங்கே இப்போது எனக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்றுக்குப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் கேக் வெட்டுகிறார்கள். அதற்கு முதல்நாள் நான் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போய்வருகிறேன். அவருடைய தகப்பனின் திவசத்துக்கு அடுத்த வருடம் வரச் சொல்லிக் கொடிகாமத்திலிருந்து எழுதியிருந்தார்கள், அவருக்கு மட்டும்.

போன கிழமை நீல விமானக் கடிதம் ஒன்று என் பெயருக்கு வந்தது. ஒன்பது வயதுக் கையெழுத்து, கோட்டுக்கு மேலும் கீழுமாக ஓடியிருந்தது. "சின்னம்மா, நான் இப்ப அப்பம்மாவோடை உள் அறையிலை படுக்கிறன். எனக்குப் புதுச் சட்டை தைச்சிருக்கு. நீங்கள் எப்ப வருவீங்கள் எண்டு கேக்கக் கூடாதெண்டு அப்பம்மா சொன்னவா. அதாலை நான் கேக்கேல்லை."